கொடுப்பவர் யார்? கொள்பவர் யார்?

அவுஸ்திரேலிய ஆதிக்குடி நிறுவனங்களும் அரசாங்க அலுவலர் பரிமாற்றமும்

(உத்தியோகத்தரும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் முழு வடிவம்)

 

கடல் கடந்த நாடொன்றின் விடயத்தை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடி மக்கள் தாமே அமைத்து நடத்தும் சமூக நிறுவனங்கள் உள. அவற்றுக்கும் அரசாங்கத் திணைக்களங்களுக்கும் இடையே அலுவலர்களைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் சமூக நிறுவனத்திற் சென்று பணிபுரிவார். சமூக நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் திணைக்களத்திற் சென்று பணிபுரிவார். இதுவே அலுவலர் பரிமாற்றம் எனப்படுவது.

இது நிருவாகத்தாரின் சிறு காரியமன்றோ, இதனைப் பற்றி ஒரு கூட்டத்திற் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். வருகின்றவரை எந்த நிலையில் ஏற்பது, போகின்றவரை எவ்வாறு காப்பது என்னும் இரு கேள்விகளிலும் ஒரு மக்கட் கூட்டத்தின் தன்மானம் அடங்கியிருக்கின்றது. நம்மவர் பலர் அந்நாட்டில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் அரசாங்க சேவையில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை இத்தகைய இணைப்பிற் செல்ல நேரலாம். ஆகவே இவ்விடயத்தை அறிந்திருத்தல் நமக்கும் பொருந்தும்.

நிறுவனங்கள் பிறந்த வரலாறு

1788 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250 க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஆதிக்குடி மக்களும் தொரெஸ் நீரிணைத் தீவு மக்களும் ஏறத்தாழ 9 இலட்சத்து 84 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் 3.8 வீதத்தினர். சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினரான இம்மக்கள், அரசாங்கம் செய்யத் தவறியதைத் தாமே செய்ய முற்பட்டதன் விளைவுதான் இந்நிறுவனங்கள்.

சிட்னி நகரின் ரெட்பேர்ன் பகுதியிலே 1970 ஆம் ஆண்டில் ஆதிக்குடிகள் சட்ட சேவை தோன்றியது. பொலிசாரின் நெருக்குதலுக்கு உள்ளான ஏழை மக்களுக்காக வழக்காட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலே, 1971 இல், அதே பகுதியில் ஆதிக்குடிகள் மருத்துவ சேவை தோன்றியது. ஒரு சாதாரணக் கடைக் கட்டடத்தில், தொண்டர்களான மருத்துவர்களின் துணையுடன் அது தொடங்கப்பெற்றது. 1973 இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் மத்திய அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் காங்கிரஸ் உருவாயிற்று. இன்று, சமூகக் கட்டுப்பாட்டில் இயங்கும் 140 க்கு மேற்பட்ட சுகாதார நிறுவனங்கள் ஒரு தேசிய அமைப்பின் கீழ் ஒன்றுசேர்ந்துள்ளன. இவற்றின் நிருவாக சபையை ஊர் மக்களே தெரிவு செய்கின்றனர். பணம் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்து வருகின்றது. பொறுப்போ ஊராரிடம் இருக்கின்றது. பரிமாற்றம் என்னும் பேச்சுக்கு அவசியமும் ஆபத்தும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன.

உத்தியோகத்தர் வந்த விதம்

அன்பர்களே! அந்த மக்களுடைய ஊருக்கு அரசாங்க உத்தியோகத்தர் வருவது புதிய செய்தியன்று. அவர் எதற்காக வந்தார் என்பதே கேள்வி.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1883 ஆம் ஆண்டில் ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. பெயர் பாதுகாப்பு, நடந்ததோ ஆட்சி. 1915 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், நீதிமன்றத்தின் விசாரணையின்றியே பிள்ளைகளைப் பெற்றாரிடமிருந்து பிரித்தெடுக்கும் அதிகாரம் அச்சபைக்குக் கிடைத்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1897 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், தொழிலாளி உழைத்த கூலியைக் காப்பாளர் என்ற உத்தியோகத்தர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் கூலிக்காக உழைத்தோரும் அவர் பிள்ளைகளும் தொடர்ந்த வழக்கிலே, 2019 ஆம் ஆண்டில், 190 மில்லியன் டொலர் கொடுக்க அம்மாநில அரசாங்கம் இணங்கியது.

விவசாயப் பெருமக்கள் இங்கிருக்கின்றீர்கள். உங்களுக்காக இன்னொன்றைச் சொல்கின்றேன். மரே நதிக்கரையில் கம்மராகுன்ஜா என்றொரு குடியிருப்பு. அங்குள்ள குடும்பங்கள் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபை அந்நிலத் துண்டுகளை மீளப் பறித்துக்கொண்டது. திருத்தியவன் கையில் நிலமில்லை. பின்னர் நிருவாகத்தின் கொடுமை பொறுக்கமாட்டாமல், 1939 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மக்கள் கூட்டமாக எழுந்து நதியைக் கடந்து விக்டோரியா மாநிலத்துக்கு நடந்தனர்.

இவை பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 2007 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே மத்திய அரசாங்கம் வட பிரதேசத்தில் அவசர நடவடிக்கை ஒன்றை அறிவித்தது. 73 சமூகங்கள் அதற்குள் அடங்கின. இன ஒதுக்கலைத் தடுக்கும் சட்டத்தின் செயற்பாடு அதற்காக இடைநிறுத்தப்பட்டது. அரசாங்க அலுவல் முகாமையாளர் என்ற பெயரில் உத்தியோகத்தர்கள் அவ்வூர்களிற் கொண்டுவந்து இருத்தப்பட்டனர். ஊராரை எவரும் கேட்கவில்லை. உத்தியோகத்தர் ஊரில் வந்து தங்குவதனால் மாத்திரம் உறவு பிறந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அழைக்கப்பட்டு வருபவர் விருந்தினர். அனுப்பப்பட்டு வருபவர் அதிகாரி. நான் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து முழுவதும் இவ்வேறுபாட்டிலே அடங்கும்.

புதிய உடன்படிக்கை

2020 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவுஸ்திரேலியாவின் எல்லா அரசாங்கங்களும், ஆதிக்குடிச் சமூக அமைப்புக்களின் கூட்டணியும் தேசிய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. ஆதிக்குடிகளுக்கும் ஏனையோருக்குமிடையே வாழ்விலுள்ள இடைவெளியை மூடுவதே அதன் நோக்கம். அதில் நான்கு முதன்மைச் சீர்திருத்தங்கள் உள. முதலாவது, தீர்மானங்களைக் கூடி எடுத்தல். இரண்டாவது, சமூகக் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களை வலுப்படுத்தல். மூன்றாவது, அரசாங்க நிறுவனங்கள் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளல். நான்காவது, தகவல்களைப் பகிர்ந்துகொள்ளல்.

இவற்றுள் மூன்றாவதைக் கவனியுங்கள். ஆதிக்குடிகளைத் திருத்தவேண்டும் என்று பேசியே இருநூறு ஆண்டு கழிந்தது. திணைக்களங்கள் திருந்தவேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது இப்போதுதான். ஆனால் எழுதிய கை செய்யவில்லை. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளியான உற்பத்தித்திறன் ஆணைக்குழுவின் அறிக்கை, அரசாங்கங்கள் தமது கடப்பாடுகளைப் போதியளவு நிறைவேற்றவில்லை என்று கண்டது. அதற்கு முன்னர், 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதி, பாராளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் ஆதிக்குடிகளின் குரல் என்னும் அமைப்பை அரசியலமைப்பிற் சேர்க்கும் யோசனை சர்வசன வாக்கெடுப்பில் தோற்றது. ஏறத்தாழ 60 வீதத்தினர் வேண்டாம் என்றனர். பெரிய கதவு மூடப்பட்டபோது, நாளாந்த நிருவாகம் என்னும் சிறிய கதவுகளின் பெறுமதி கூடிவிட்டது. அலுவலர் பரிமாற்றம் அத்தகைய சிறிய கதவுகளுள் ஒன்று.

இது வெறுங் கற்பனையன்று. 2001 ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்தின் வடகோடியிலுள்ள கேப் யோர்க் பகுதியில் இவ்வகை முயற்சியொன்று ஆரம்பமாயிற்று. பின்னர் ஜாவுன் என்ற பெயரைப் பெற்ற அந்த ஏற்பாடு, பெரு வணிக நிறுவனங்களின் ஊழியரையும் அரசாங்க உத்தியோகத்தரையும் சில வார காலத்துக்கு ஆதிக்குடி நிறுவனங்களிற் பணிபுரிய அனுப்பி வந்திருக்கின்றது. ஆகவே செய்யலாமா என்பது கேள்வியன்று. எவ்வாறு செய்தால் நன்மை, எவ்வாறு செய்தால் தீமை என்பதே கேள்வி.

வீட்டாரின் உரிமை

திணைக்கள உத்தியோகத்தர் சமூக நிறுவனத்துக்கு வரும் பக்கத்தை முதலிற் பார்ப்போம்.

வேலை இன்னதென்று வீட்டார் சொல்லவேண்டும். ஆளைத் தெரிந்த பின்னர் அவருக்கு வேலை தேடுவது முறையன்று. கணக்கு முறையை ஒழுங்குபடுத்த வேண்டுமா, வீட்டுப் பதிவேட்டைத் திருத்த வேண்டுமா, ஊழியர் ஒழுங்குவிதிகளை எழுத வேண்டுமா என்பதை நிறுவனத்தின் சபை தீர்மானித்து, அதற்கேற்ற ஆளைக் கேட்கவேண்டும். வருபவரை ஏற்கவும், பொருந்தாவிடில் திருப்பி அனுப்பவும் அச்சபைக்கு உரிமை இருக்கவேண்டும்.

செலவு அனுப்புபவருடையது. சம்பளம், பிரயாணம், தங்குமிடம் யாவும் திணைக்களத்தின் பொறுப்பு. தூரத்து ஊர்களில் வீடு கிடைப்பது அரிது. ஒரே வீட்டிற் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊரில், வந்தவருக்காக ஒரு குடும்பம் ஒதுங்கிக் கொடுக்கும்படி நேர்ந்தால், அந்த விருந்து விருந்தாகுமா?

ஊர் முறையை அறிந்து வரவேண்டும். 1976 ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின் கீழ், வட பிரதேசத்தின் ஆதிக்குடி நிலத்துக்குள் நுழைய அனுமதி பெறவேண்டும். சட்டத்தின் அனுமதி ஒன்று, மூத்தோரின் அனுமதி இன்னொன்று. ஊரில் ஒருவர் இறந்துபோனால் துக்கச் சடங்குகளுக்காக அலுவல்கள் நின்றுவிடும். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிப்பதில்லை. ஆண்கள் மாத்திரம் பேசும் விடயங்களும், பெண்கள் மாத்திரம் பேசும் விடயங்களும் உண்டு. நமது ஊரிற் செத்தவீடு நடக்கையில் கோவையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவரை நாம் என்னவென்று நினைப்போம்? அங்கேயும் அப்படியே.

வந்தவருக்கு வழிகாட்ட ஊரவர் ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது அனுபவமுள்ள ஒரு பெண் ஊழியராகவே இருக்கும். தம் வேலையையும் பார்த்துக்கொண்டு, வந்தவருக்கு மனிதரையும் முறைகளையும் அறிமுகப்படுத்துவதும் அவர் தலையில் விழும். அதுவும் உழைப்பே. அந்த உழைப்புக்கும் திணைக்களம் ஊதியம் கொடுக்கவேண்டும். அறிவைக் கொடுத்தவருக்கு நன்றியுரை மாத்திரம் போதாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. திணைக்களத்தார் வழக்கமாக அந்த மூன்று நாளும் தங்குவதில்லை. காலையில் விமானத்தில் வந்திறங்கி, கூட்டம் வைத்து, மாலையில் ஏறிவிடுவர். பரிமாற்றத்துக்கு இது ஆகாது. முதல் வாரங்களிற் கேட்கவும், இடை வாரங்களில் வேலை செய்யவும், கடைசி வாரங்களில் செய்ததை ஊழியர் கையில் ஒப்படைக்கவும் காலம் வேண்டும். வந்தவர் போன பின்னர் எவராலும் இயக்க முடியாத ஒரு கணக்கு முறையை விட்டுச் செல்வது உதவியன்று, சுமை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மானியத்தைக் கொடுக்கவும் நிறுத்தவும் அதிகாரமுள்ள உத்தியோகத்தர், அதே மானியம் பெறும் நிறுவனத்தில் வந்து அமரக்கூடாது. வந்தால் அவர் கணக்காய்வாளராகவே பார்க்கப்படுவார். ஊழியர் வாய் திறக்கமாட்டார்கள். வேறு பகுதியைச் சேர்ந்தவராயினும், அங்கு கண்டதையும் கேட்டதையும் இரகசிய அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்புவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுக்கவேண்டும். அவர் எழுதும் அறிக்கையை முதலில் வீட்டார் வாசிக்கவேண்டும்.

போகின்றவரின் பாரம்

இனி, சமூக நிறுவன ஊழியர் திணைக்களத்துக்குப் போகும் பக்கத்தைப் பார்ப்போம். இதற்கு ஒரு பெரு மனிதரின் வாழ்க்கை பாடமாகின்றது.

சார்ள்ஸ் பேர்க்கின்ஸ் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிற் பிறந்தவர். 1965 ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்களுடன் பேருந்திலே உள்நாட்டு நகரங்களுக்குச் சென்று, மோரீ என்ற ஊரில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட நீச்சற் குளத்தின் வாயிலிற் போராடியவர். 1966 இற் பட்டம் பெற்றார். சிட்னியில் ஆதிக்குடிகளுக்கான சமூக நிறுவனமொன்றின் முகாமையாளராகப் பணிபுரிந்தார். 1969 இல் கன்பராவுக்குச் சென்று ஆதிக்குடிகள் அலுவலகத்திற் சேர்ந்தார். 1984 இல் ஆதிக்குடிகள் விவகாரத் திணைக்களத்தின் செயலாளரானார். மத்திய அரசாங்கத் திணைக்களமொன்றின் தலைமைப் பதவியை ஏற்ற முதலாவது ஆதிக்குடி மகன் அவரே. ஆனால் அவர் பதவியிலிருந்துகொண்டே அரசாங்கங்களைப் பகிரங்கமாகக் கண்டித்தமையால் மேலிடத்தின் சினத்துக்குப் பலமுறை ஆளானார். ஒரு பக்கத்தார் உத்தியோகத்தரைப் போல் நடந்துகொள் என்பர். மறுபக்கத்தார் எம்மை மறந்துவிட்டாயா என்பர். இரு கரையையும் ஒருவர் தனித்து நின்று தோளிற் சுமப்பது எளிதன்று.

எல்லாரும் பேர்க்கின்ஸ் ஆகமாட்டார்கள். ஆகும்படி எதிர்பார்ப்பதும் நீதியன்று. ஆகவே திணைக்களத்துக்குச் செல்பவர் தனியே செல்லாமல், கூடியவரை இருவராகச் செல்வது நன்று. அவருக்கு உண்மையான மேசை கொடுக்கவேண்டும். மானிய நிபந்தனைகள் எழுதப்படும் இடத்திலும், விண்ணப்பங்கள் மதிப்பிடப்படும் இடத்திலும் அவர் இருக்கவேண்டும். வைபவங்களில் முன்வரிசையில் அமர்த்திப் படம் எடுப்பதற்காக அவரை அழைப்பது அவமதிப்பு. நூற்றுக்கணக்கான மொழிகளையும் நாடுகளையும் உடைய மக்கள் அனைவரின் சார்பிலும் ஒருவரையே பேசச் சொல்வதும் அவ்வாறே. ஊரில் இழவு நேர்ந்தால் முணுமுணுப்பின்றி விடுமுறை கொடுக்கவேண்டும். இனவாதச் சொல்லைக் கேட்க நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை முதல் நாளிலேயே சொல்லவேண்டும்.

ஒரே சோடி மாடு

இங்கே விவசாயிகளுக்கு நன்கு விளங்கும் ஓர் உவமையைச் சொல்கின்றேன். பத்துச் சோடி எருது உள்ளவர் உழவு காலத்தில் ஒரு சோடியை இரவல் கொடுப்பதும், ஒரே சோடி உள்ளவர் அதனைக் கொடுப்பதும் ஒன்றாகுமா? திணைக்களத்திலிருந்து ஒருவர் மூன்று மாதம் போனால் அடுத்த மேசைக்காரர் அவர் கோவையைப் பார்ப்பார். பதினைந்து பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்திலிருந்து அதன் முகாமையாளர் போனால், அந்த மூன்று மாதமும் சிகிச்சை நிலையமே தள்ளாடும். ஆளுக்கு ஆள் என்று காகிதத்திற் சமமாகத் தோன்றுவது, உண்மையிற் சமமன்று. எனவே போனவரின் இடத்துக்கு ஆள் அமர்த்தும் செலவையும் அரசாங்கமே ஏற்கவேண்டும்.

இன்னுமொரு நட்டம் உண்டு. திணைக்களத்தின் சம்பளமும் உறுதியும் கூடியவை. போனவர் அங்கேயே நின்றுவிட்டால்? தொழிலாளி விரும்பிய வேலையை ஏற்கும் உரிமையைத் தடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் சிறிய நிறுவனம் பல ஆண்டு பயிற்றிய ஊழியரைப் பெற்றுக்கொண்ட திணைக்களம், அவரிடத்துக்கு இன்னொருவரைப் பயிற்றும் செலவையாவது கொடுக்கவேண்டும். சமூக நிறுவன ஊழியருக்குச் சம்பளச் சமத்துவம் வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் உடன்படிக்கையே கூறுகின்றது. அதனை நிறைவேற்றாமல் பரிமாற்றம் நடத்துவது, மேட்டு நீரைப் பள்ளத்துக்குப் பாயவிட்டு மேட்டுக்காரரிடம் நன்றி எதிர்பார்ப்பதை ஒக்கும்.

அளவுகோல் எது?

இம்முயற்சி வெற்றியா தோல்வியா என்று எதைக் கொண்டு அளப்பது? உத்தியோகத்தர் கண்கலங்கித் திரும்பினார் என்பது அளவாகாது. எத்தனை பேர் போய் வந்தனர் என்பதும் அளவாகாது. அவர் திரும்பிய பின்னர் திணைக்களத்தில் எந்த விதி மாறிற்று என்பதே அளவு.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். சமூக நிறுவனமொன்று பல திணைக்களங்களிடமிருந்து பல மானியங்களைப் பெறுகின்றது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு படிவம், வெவ்வேறு தவணை, வெவ்வேறு அறிக்கை. பல மானியங்கள் குறுகிய காலத்துக்கு மாத்திரம் வழங்கப்படுவதால், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது தாதிக்குத் தெரியாது. அந்நிறுவனத்தின் கணக்கரோடு பக்கத்தில் அமர்ந்து அப்படிவங்களை நிரப்பிய உத்தியோகத்தர், திரும்பி வந்து அவற்றுள் இரண்டையாவது ஒன்றாக்கினாரா? மானியக் காலத்தை நீட்டும்படி மேலதிகாரியிடம் எழுத்தில் முறையிட்டாரா? ஆறு மாதம் சென்றபின் வீட்டாருக்கு அதன் முடிவைத் தெரிவித்தாரா? இம்மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று விடை சொல்ல முடியுமானால் பரிமாற்றம் பயன் தந்தது. இல்லையேல் அது ஒருவரின் அனுபவம், மற்றவரின் செலவு.

உத்தியோகத்தர் இவ்வாறு பழகினால் நடுநிலை இழப்பார் என்று சிலர் வாதிப்பர். ஊரையே அறியாதவர் நடுநிலையாளர் என்றால், கண்ணை மூடியவனே நல்ல நீதிபதி என்று சொல்லவேண்டும். அறியாமை வேறு, நடுநிலை வேறு. இன்னும் சிலர், சில வாரத்தில் எவர் எதைக் கற்றுவிட முடியும் என்பர். இது நியாயமான வாதம். பரிமாற்றம் அதிகாரப் பகிர்வுக்குப் பதிலாகாது. நிலம், நிதி, தீர்மானம் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்திலேயே இருக்குமானால், எத்தனை பேர் போய் வந்தாலும் அது உல்லாசப் பிரயாணமே. ஆனால் அதிகாரத்தைப் பகிரப் போகின்றவர், யாருடன் பகிர்கின்றோம் என்பதை அறியவேண்டாமா? அந்த அறிவைத் தருவதே இதன் பணி. அதற்குக் கூடிய பணியை இதன் தலையில் ஏற்றவும் கூடாது, குறைந்த பணியை ஏற்கவும் கூடாது.

பெரியோர்களே! திணைக்களத்தின் கதவிலே கையொப்பம் இட்டு நுழைய ஆதிக்குடி மக்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். இன்று அவர்களுடைய கதவிலே திணைக்களம் தட்டுகின்றது. திறப்பதா, எப்போது திறப்பது, வந்தவரை எங்கே அமர்த்துவது என்பதை வீட்டுக்குரியவரே தீர்மானிக்கட்டும். உங்களுள் எவரேனும், உங்கள் பிள்ளைகளுள் எவரேனும், அந்நாட்டில் அவ்வாறு கதவைத் தட்ட நேர்ந்தால், கையில் உத்தரவுக் கடிதத்தோடு போகாதீர்கள். என்ன வேலை செய்யவேண்டும் என்ற கேள்வியோடு போங்கள்.